பனிக்காலத் தோட்டத்துக்கு விதை ஆடியிலேயே விழ வேண்டும்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடமும் ஒரு கிணறும் இருக்கின்றன. போன கார்த்திகையில் காலிஃபிளவர், கேரட், பட்டாணி மூன்றும் போட்டீர்கள். காலிஃபிளவர் எலுமிச்சம்பழ அளவில் பூத்துப் பிரிந்துவிட்டது, கேரட் சுண்டுவிரல் தடிமன்கூட வரவில்லை, பட்டாணி மஞ்சளடித்துக் காய்ந்துபோனது. 'பனிக்காலத்தில் இங்கே என்ன காய் வரும்' என்று தலைப்பில் கேட்டிருந்தாலும் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் காய்க்காகச் சந்தைக்குப் போகாமல், வீட்டில் விளைந்ததை வைத்தே நாலு பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவள், அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 22 வருடமாகக் காய் போட்டு அதையே சமைத்து வருகிறேன். படித்ததில் உறுதியானது எது, என் ஒரு கொல்லையில் மட்டும் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முடியும். ஆனால் நீங்கள் போட்ட மூன்றையும் நம்பி முடியாது, கார்த்திகையில் ஆரம்பித்தாலும் முடியாது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பெரிய வெங்காயம் இந்த நான்குக்கும் கடைசிவரை கடைதான். மற்றபடி குழம்புக்கும் கறிக்கும் கீரைக்கும் 3 சென்ட் தாராளம்.

உங்கள் காலிஃபிளவர் ஏன் அப்படி ஆனது என்பதில் சந்தேகமே இல்லை. நம் ஊரில் மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் 20, 21 டிகிரியோடு நின்றுவிடும், மத்தியானம் 29, 30 வரை ஏறிவிடும். போர்வை தேடுகிற குளிர் நமக்குத்தான், பட்டாணிக்கு அது குளிரே கிடையாது. கேரட் நன்றாக நிறம் ஏறிப் பருக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது வருடம் பூராவும் விளைவது அதனால்தான். பட்டாணிப் பூ 30 டிகிரியைத் தொட்டாலே உதிரும். காலிஃபிளவரில் மட்டும் வெயிலைத் தாங்குகிற முன்பருவ ரகங்கள் உண்டு, அவை 20-லிருந்து 27 டிகிரியில்கூடப் பூத்திரளும். ஆனால் நாற்று முற்றிப் போயிருந்தாலோ நட்டபிறகு தண்ணீர் காய்ந்திருந்தாலோ, செடி வளரும் முன்பே பொத்தான் மாதிரிப் பூத்து நின்றுவிடும். நீங்கள் சொல்கிற எலுமிச்சம்பழ அளவு அதுதான். ஆசை இருந்தால் முன்பருவ ரகமாகக் கேட்டு வாங்கி ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள், அதை நம்பி உலை வைக்காதீர்கள்.

அப்படியானால் இங்கே பனிக்காலத்தில் மாறுவது என்ன? பகல் சுருங்குகிறது, ராத்திரியில் பனி இறங்குகிறது, ஐப்பசி மழையில் கிணறு மேலே வந்திருக்கிறது. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும். நம் அட்சரேகையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான் வித்தியாசம், நமக்கு அது கண்ணில்கூடப் படாது. ஆனால் பந்தல் அவரைக்கும் மொச்சைக்கும் அது தெரியும். பகல் நீளமாக இருக்கிற வரைக்கும் கொடியும் இலையுமாக ஓடும், பகல் குறையத் தொடங்கியதும் பூவெடுக்கும். எப்போது விதைத்தாலும் பூக்கிற காலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பூ வருவதற்குள் செடி எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுதான் காய்ப்பு. ஒரு வருடம் வீட்டில் கல்யாண வேலை, ஆடியில் விதைக்க விட்டுப்போய் ஐப்பசிக் கடைசியில் மொச்சை ஊன்றினேன். முழங்கால் உயரம்கூட வரவில்லை, அதற்குள் மார்கழியில் பூத்து, செடிக்கு நாலு நெத்து வைத்து முடித்துக்கொண்டது. அதே விதை, அதே மண். முந்தைய வருடம் ஆடிப்பெருக்கன்று ஊன்றியது இடுப்புக்கு மேல் புதராகி, தைப்பொங்கலுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கூடையில் போனது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நெல்லுக்கும் சோளத்துக்கும் சொன்னது என்று நினைத்திருந்தேன், மொச்சையிடம்தான் எனக்கு அது புரிந்தது. (பகல் நீளத்தைப் பார்க்காமல் எப்போதும் பூக்கிற குத்துச்செடி அவரை ரகங்களும் இருக்கின்றன. பந்தல் போட இடமில்லாதவர்களுக்கு அவை நல்லது, ருசியில் பந்தல் அவரைதான் ஒரு படி மேல் என்பது என் நாக்கு.)

ஆக, தோட்டத்தின் வேலை எல்லாம் குளிருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். ஆடிக்குள் அவரை, மொச்சை, பரங்கி. ஆவணியில் கத்தரி நாற்று விட்டுப் புரட்டாசியில் நட்டால் கார்த்திகைக் கடைசியில் முதல் காய் பறிக்கலாம். சர்க்கரைவள்ளிக் கொடியும் சிறுகிழங்கும் ஆவணி, புரட்டாசியில். தக்காளி நாற்றைப் புரட்டாசிக் கடைசியில் விட்டு, அடைமழை கொஞ்சம் தணிந்ததும் கார்த்திகையில் நடுவது நல்லது. ராத்திரிக் குளிர்ச்சியில்தான் தக்காளிப் பூ உதிராமல் பிஞ்சு பிடிக்கும், அதனால் நம் ஊரில் தக்காளிக்கு வருடத்திலேயே நல்ல மாதங்கள் தையும் மாசியும்தான். முள்ளங்கி, தண்டுக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி இவை மட்டும்தான் மழை விட்டபிறகு விதைக்க வேண்டியவை. எங்கள் அப்பத்தா இதற்கு நாள் காட்டி பார்த்ததில்லை. கார்த்திகை தீபத்துக்கு மறுநாளே வெந்தயமும் சிறுகீரையும் தூவிவிடுவார், அங்கிருந்து எண்ணி 21-ம் நாள் பிள்ளையார் நோன்பு வரும்போது முதல் கீரை கடைசலுக்கு வந்துவிடும். இப்போதும் அந்தக் கணக்கு எனக்குப் பிசகியதில்லை, மழை நீண்டுபோன வருடங்களைத் தவிர.

வளர்பிறையில் விதைக்க வேண்டும், தேய்பிறையில் கிழங்கு நட வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் இரண்டிலும் விதைத்திருக்கிறேன், என் கொல்லையில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. விதை விழுந்த மூன்றாம் நாள் கொட்டுமழை வந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் பட்டாணி மஞ்சளடித்ததற்குக் குளிர் போதாதது மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். செட்டிநாட்டுச் செம்மண் ஒரு முழம் தோண்டுவதற்குள் சரளையும் செம்புறாங்கல்லும் தட்டுகிற மண். தண்ணீர் நிற்காது, ஊற்றிய உரமும் நிற்காது. இது எல்லோருக்கும் பொது. ஆனால் பழைய வீட்டுக் கொல்லைகளில் இன்னொன்று உண்டு. நம் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, தலைமுறை தலைமுறையாக மராமத்துப் பார்க்கும்போது உதிர்ந்த காரையையெல்லாம் கொல்லையில்தான் கொட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் மண் சுண்ணாம்பேறி, செடிக்கு இரும்புச்சத்து இருந்தும் எடுக்க முடியாமல் போகும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் வெளுத்த மஞ்சளாக இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு சின்னச் சோதனை: ஒரு கரண்டி மண்ணில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் கொல்லையில் மேற்கு மூலையில் அப்படித்தான் இருந்தது. ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி வெளியேற்றிவிட்டு, கண்மாய் வண்டலும் மக்கிய சாணி எருவும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினேன். அதன்பிறகுதான் அங்கே கத்தரி நின்றது. மற்ற இடத்தில் சென்ட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கூடை மக்கிய எரு போட்டு, ஆடிக்கு ஒரு மாதம் முன்பே கொத்திவிட்டால் போதும். மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு, நான் இங்கே உட்கார்ந்து ஊகிப்பதைவிட அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.

ஐப்பசி மழையில்தான் பாதித் தோட்டம் போகும். பாத்தியை அரை அடியாவது உயர்த்துங்கள், சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வாழைக்குப் போகும்படி விடுங்கள். நாற்று தண்டடியில் நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல், பூஞ்சாணம். மருந்தடித்து எழுப்ப முடியாது, முன்னாலேயே விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளைக் கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் கலந்து போட வேண்டும். வீட்டுக்கு என்றால் ஒரு பிடி விதைக்கு ஒரு சிட்டிகை. நெருக்கமாக விதைக்காதீர்கள், நாற்றுக்கு மேலே மழைத்துளி நேராக விழாமல் தென்னங்கீற்று ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

அப்புறம் பனி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மா சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு இறங்கினால் காலை எட்டு மணி வரைக்கும் இலை நனைந்தே இருக்கும். அதோடு நீங்கள் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தால் தக்காளியில் கருகல் வராமல் என்ன செய்யும்? மார்கழி பிறந்ததும் தண்ணீர் காலையில் மட்டும், வேரில் மட்டும். கத்தரிக்கும் தக்காளிக்கும் மூன்று நாளைக்கு ஒரு முறை போதும், ஆனால் அந்த முறையைத் தவறவிடக் கூடாது. காயப்போட்டுக் காயப்போட்டுத் தண்ணீர் விட்டால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும், அது நோய் அல்ல, தண்ணீர் சீராக இல்லாததால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத குறை. கருகலுக்கு நேர்மாறானது அவரையிலும் பரங்கியிலும் தையில் வருகிற சாம்பல் நோய், அதாவது இலைமேல் கோலமாவு தூவியது மாதிரி வருவது. அதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை, ராத்திரிக் குளிரும் பகல் காய்ச்சலும் இருந்தால் போதும். தொடக்கத்திலேயே அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் தெளித்தால் நின்றுவிடும். பரங்கி வகைக் கொடிக்குக் கந்தகம் சில சமயம் இலையைச் சுடும், ஒரு கொடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதில் தெளியுங்கள், வெயில் ஏறியபிறகு தெளிக்கவே வேண்டாம்.

அவரைக்குப் பெரிய எதிரி அசுவினிப் பூச்சிதான். மார்கழியில் ஒரு நாள் பார்த்தால் பூங்கொத்தின் காம்பு முழுக்கக் கறுப்பாக அப்பியிருக்கும், எறும்பு ஏறி இறங்கும். அடுப்புச் சாம்பலைச் சலித்து விடியற்காலையில் தூவுவது நம் வீடுகளில் இருக்கிற பழைய பழக்கம். இலையில் பனி ஈரம் இருப்பதால் சாம்பல் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பூச்சியின் மேல்தோல் காய்ந்துபோகும். ஒன்பது மணிக்குத் தூவினால் காற்றோடு போய்விடும். விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும், குப்பை எரித்த சாம்பல் கூடாது. முன்னால் சொன்ன சுண்ணாம்பு மூலையில் சாம்பல் அறவே வேண்டாம், அது மண்ணின் காரத்தன்மையை இன்னும் ஏற்றும். அதிலும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கரைய ஒரு துண்டு காதி சோப்பு, சாயங்காலத்தில். காலையில் தேனீ பூவில் இருக்கும், அப்போது எதையும் தெளிக்காதீர்கள். பஞ்சகவ்யமும் நான் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்துவருகிறேன், செடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி என்று பிரித்து வைத்துப் பார்த்ததில்லை, ஆகவே அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன்.

பரங்கிக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், மார்கழியில் வீட்டுப் பெண்பிள்ளைகள் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கப் பூப் பறிப்பார்கள். பூவுக்குக் கீழே காம்பில் சின்ன உருண்டைப் பிஞ்சு இருந்தால் அது பெண்பூ, அதைத் தொடக்கூடாது. வெறும் நீளக் காம்பாக இருப்பது ஆண்பூ, அது ஏராளமாக வரும், அதைப் பறிக்கலாம். பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும், மூடுபனியாக இருக்கிற காலையில் தேனீ வராது. அப்போது ஓர் ஆண்பூவைப் பறித்து இதழைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாக நாலு முறை தடவிவிடுங்கள். தடவிய பூவெல்லாம் பிஞ்சு பிடித்து, தடவாதது வெம்பி விழுவதை ஒரே வாரத்தில் பார்ப்பீர்கள். கோலத்துக்குப் பறிக்கிற பிள்ளையையே இந்த வேலைக்கு விட்டுவிடலாம், எங்கள் வீட்டில் பேத்திதான் செய்கிறாள்.

சிறுகிழங்கும் பகல் குறைந்தால்தான் கிழங்கு கட்டும், மொச்சையின் சங்கதியேதான். பொங்கலுக்கு முந்தைய வாரம் தோண்டலாம். அதைத் தோல் சீவ உட்காராதீர்கள், விரல் கறுத்து நாள் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, ஈரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, கிணற்றடிக் கல்லில் வைத்து இரண்டு கையாலும் உருட்டித் தேயுங்கள். முக்கால்வாசித் தோல் போய்விடும். முள்ளங்கிக்கு சரளை ஆகாது, கல் தட்டிய இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாத்திக்கு மட்டும் சலித்த மண்ணோடு மணல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், 45 நாளில் பிடுங்கிவிடுங்கள், தாண்டினால் உள்ளே பஞ்சாகும். மயில் தொந்தரவு உங்கள் பக்கமும் இருக்கும், வலை கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை, அதைத் துன்புறுத்துவது சட்டப்படிக் குற்றமும்கூட.

எத்தனை செடி வேண்டும்? நாலு பேருக்கு என் கணக்கு இது, உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: கத்தரி 10, தக்காளி 12, அவரை 3 குழி, மொச்சை 20 செடி, பரங்கி 2 குழி, கீரை இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி வீதம் மாற்றி மாற்றி, ஒரு முருங்கை. இவ்வளவுதான். மிளகாய் ஆறு செடி ஓரத்தில்.

இனி அடுப்படிக்கு வருகிறேன், சந்தைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்பது பாதிக்கு மேல் அடுப்படியில்தான் முடிவாகிறது. கடைப் பழக்கத்தில் 'இன்றைக்கு என்ன குழம்பு' என்று முடிவு செய்துவிட்டுக் காய் தேடுவோம். தோட்டம் அப்படிக் கொடுக்காது. ஒரு நாள் நாலு கத்தரி, ஒரு கைப்பிடி அவரை, ஒரு கீற்று பரங்கி, இரண்டு முருங்கைக்காய் என்று எதுவுமே ஒரு கறிக்குப் போதாமல் நிற்கும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் கல்பாசியும் மிளகுக் கோழியும் என்று ஊரெல்லாம் பேர் எடுத்துவிட்டது, ஆனால் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது இந்தச் சில்லறைக் காய்களை ஒன்றாக்குகிற சமையல். அதற்காகவே பலகாய் மண்டி, அதாவது அரிசி களைந்த தண்ணீரில் புளி விட்டு வைக்கிற குழம்பு, இருக்கிறது.

முதல் நாள் ராத்திரியே ஓர் ஆழாக்கு உலர்ந்த மொச்சையை ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். இதை ருசிக்காகச் சொல்லவில்லை. முற்றிய மொச்சையில், அதிலும் நிறம் கறுத்த விதையில், சயனைடு வெளிவிடுகிற சேர்மம் உண்டு, ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் கொட்டி நன்றாக வேகவைத்தால் பயமில்லை. அரைவேக்காட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. அரிசி களையும்போது முதல் தண்ணீரை விட்டுவிட்டு இரண்டாவது தண்ணீரை எடுத்து வையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம், பிறகு உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாக, கீறிய பச்சை மிளகாய் ஏழெட்டு. மிளகாய்த்தூளும் கிடையாது, அரைத்த மசாலாவும் கிடையாது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் காய்களைப் போட்டு, அரிசி களைந்த தண்ணீரில் பாதியை ஊற்றி முக்கால் வேக்காடு வேகவிடுங்கள். மீதித் தண்ணீரில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து அதன்பிறகுதான் ஊற்ற வேண்டும், புளிப்பு சேர்ந்துவிட்டால் காய் அதற்குமேல் மெத்தென்று ஆகாது, நறுக்கு நறுக்கென்றே நிற்கும். புளித்தண்ணீரோடு மொச்சையையும் சேர்த்துவிட்டு அடுப்பைத் தணித்துவிட்டால், அரிசித் தண்ணீரில் இருக்கிற மாவு மெல்லத் தடித்து, ஓரத்தில் எண்ணெய் கண்ணாடி வளையல் மாதிரிப் பிரிந்து நிற்கும். இறக்கும்போது ஒரு சின்னத் துண்டு வெல்லம். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இதைவிட நல்லது நான் சாப்பிட்டதில்லை.

கத்தரி அதிகமாக வருகிற வாரத்தில் கோசுமல்லி. பழுக்காத இளங்கத்தரியை வேகவைத்து, தோலுரித்துக் கையால் மசித்து, வெங்காயம் தக்காளி பச்சை மிளகாய் வதக்கி, நீர்க்கக் கரைத்த புளி கொஞ்சம் விட்டுக் கொதிக்கவிட்டால் இடியாப்பத்துக்கு ஆயிற்று. முள்ளங்கி பிடுங்கிய அன்று கிழங்கைக் குழம்பில் போட்டு, இலையைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு துவட்டிவிடுங்கள், அந்த இலையைத் தூக்கிப்போடுவது பெரிய பாவம். பச்சை மொச்சை வருகிற தை மாதத்தில் சாயங்காலமானால் முகப்பில் எல்லாருமாக உட்கார்ந்து நெத்து உரிப்போம். அந்தப் பச்சை எண்ணெய்ப் பிசுக்கு விரல் நுனியில் ஒட்டி, சீயக்காய் போட்டுக் கழுவினாலும் ராத்திரி சாப்பிடும்வரை வாசம் போகாது. பனி பட்டால்தான் மொச்சை மணக்கும் என்பார்கள். விடியலில் பறித்த நெத்துக்கு வாசம் கூடுதல் என்று என் மூக்கு சொல்கிறது. பனி காரணமா, வெயில் படாதது காரணமா என்பதை நீங்களும் நுகர்ந்து பாருங்கள்.

நீங்கள் கேட்ட மூன்று மாதத்தில் சேராது என்றாலும், இடிக்கிற மாதம் அதற்கு முந்தைய கார்த்திகைதான், அதை மறைக்க விரும்பவில்லை. மழையில் கீரை சேறடித்து அழுகும், கத்தரி அப்போதுதான் பிஞ்சு விடும், வெண்டைக் காய்ப்பும் குறைந்துவிடும். அந்த மூன்று நாலு வாரத்துக்கு முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முதலில் பறித்துப் பரணில் வைத்த பரங்கி, அப்புறம் போன வருடத்து வத்தல். அதனால் மாசியில் காய் கொட்டும்போது வத்தல் போட மறக்காதீர்கள். கத்தரி, அவரை, கொத்தவரை எதுவானாலும் உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் நிறம் மாறும்வரை மட்டும் வேகவைத்து வடித்துப் பாயில் பரப்புங்கள். மூன்று நாலு வெயில் போதும், ஆனால் மாசிப்பனிக்கு முன்னால், அதாவது நாலரை மணிக்கே, உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் இழுத்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில்.

விதையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவரையும் மொச்சையும் தாவரக் கணக்கில் ஒரே இனம். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும் என்றாலும் தேனீ கொஞ்சம் கலந்துவிடும், நாலைந்து வருடத்தில் அவரை நாராகி, மொச்சை விதை சிறுத்துவிடும். விதைக்கென்று விடுகிற செடியை மட்டும் கொல்லையின் எதிர் மூலைகளில் வையுங்கள். கீழ்க்கிளையில் முதலில் வந்த நல்ல நெத்துகளைச் செடியிலேயே காயவிட்டு, விதை எடுத்து விளக்கெண்ணெய் லேசாகத் தடவி, நன்றாக மூடுகிற ஏனத்தில் சாம்பலோடு போட்டு வைத்தால் ஆடிவரை வண்டு விழாது. இந்த வருடம் உங்களிடம் விதை இல்லை என்பதால், தையில் வாரச்சந்தைக்குச் சுற்றுக் கிராமத்திலிருந்து முற்றின நெத்து கொண்டுவந்து தரையில் விரித்து விற்கிறவர்களிடம் கேளுங்கள், அது இந்த மண்ணில் ஏற்கெனவே விளைந்தது. இரண்டு கைப்பிடி போதும்.